தபால் படகில் ஆறாம் விரதம்

சண்முகராசா அண்ணையைப் பற்றி எழுதுவதென்றால், ஐம்பத்தைந்து வயது வரைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தண்ணீர் என்றால் அவருக்குக் குழாயில் வருவது. ஆறு என்றால் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெரிவது. அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்குத் தேம்ஸ் ஆற்றில் ஓடும் தபால் படகில் வேலை செய்கிறார். விடிய முந்தி ஆற்றின் கீழ்ப்பக்கத்துத் துறையில் கடிதப் பைகளையும் பார்சல் கூண்டுகளையும் ஏற்றி, எட்டு மணிக்கு முதல் நகரத்தின் நடுவிலுள்ள மேல்துறையில் இறக்கி விடுகிற வேலை.

அந்தப் படகைத் துப்புரவு செய்கிறவள் நான். அண்ணையும் நானும் இலண்டனில் கோலியர்ஸ் வுட் என்ற இடத்தில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். நாலரைக்குக் கம்பனி வான் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும். படகு மேலே போய்ச் சேருவதற்குள் நான் கூட்டி, துடைத்து, கண்ணாடி மினுக்கி முடித்துவிட்டு, மேல்துறையில் இறங்கி நிலத்தடி ரயிலில் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு, சூரியன் எழும்புகிற நேரத்தில் இவ்வளவு பெரிய ஆற்றில் சம்பளத்தோடு பிரயாணம் போகக் கிடைத்தது கடவுள் தந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணை முதலில் போனது ஜேர்மனிக்கு. இருபத்திரண்டு வயதில் போய், பதினேழு வருஷம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அதே உணவகத்தில் சமைத்து, கலியாணம் கட்டி, சிவதர்ஷன், சுவர்ணா என்று இரண்டு பிள்ளைகளும் பிறந்த பிறகு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயில் கிட்ட இருக்கட்டும் என்று இலண்டனுக்கு வந்தவர். வந்த புதிதில் பெற்றோல் நிலையம். பிறகு பார்சல் டிப்போவில் பத்து வருஷம் இரவு ஷிப்ட். அந்தப் பத்து வருஷமும் அவருடைய முழங்கால்கள் இரண்டையும் தின்றுவிட்டன.

ஒரு நாள் டிப்போ மனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, இனிக் கொஞ்சச் சாமான் லொறியில் போகாமல் ஆற்றால் போகப்போகிறது, படகில் வேலை செய்ய ஆருக்கு விருப்பம் என்று கேட்டாராம். ஒருவரும் அசையவில்லை. அண்ணை கையைத் தூக்கினார்.

"ஏன் அண்ணை தூக்கினனீங்கள்?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"முழங்கால் படி ஏறமாட்டன் எண்டுது தங்கச்சி. படகிலை படி இருக்காதுதானே எண்டு நினைச்சன். வந்து பாத்தா நாலு ஏணி!"

நீந்தத் தெரிந்தால்தான் வேலை என்று சொன்னார்கள். அண்ணை பக்கத்து நீச்சல் குளத்தில் சேர்ந்தார். பெரியவர்களுக்கான வகுப்பில் இடமில்லாததால் சனிக்கிழமை காலையில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு விட்டார்கள். அவருடைய மனைவி மாலினி அக்கா கரையில் துவாயோடு இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார்:

"பிள்ளையள் எல்லாம் மீன்குஞ்சு மாதிரிப் போகுதுகள். இவர் மட்டும் நனைஞ்ச சீமெந்து மூட்டை. அந்த ரீச்சர்ப் பிள்ளை பாவம், இவருக்கு ஒரு ஸ்ரிக்கரும் குடுத்தவள், நல்லா முயற்சி செய்தாராம் எண்டு."

அந்த ஸ்ரிக்கர் இன்னும் அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

படகின் கப்டன் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பெயர் டெப்ரா. அறுபதுக்குக் கிட்ட வயது. தகப்பன், பாட்டன் எல்லாரும் இதே ஆற்றில் படகு ஓட்டினவர்கள். முந்தி உலகத்துச் சாமான் எல்லாம் இந்த ஆற்றால்தான் வந்து இறங்கினதாம், எங்கள் நாட்டுத் தேயிலையும் இங்கேதான் பெட்டி பெட்டியாக இறங்கினதாம் என்று எனக்குக் கையால் காட்டிக் காட்டிச் சொல்வார். என்னுடைய ஆங்கிலம் காணாது. அதனால் அவர் சொன்னவற்றை எனக்கு விளங்கின மாதிரியே இங்கே எழுதுகிறேன். அண்ணையை அவர் "ஷான்" என்றுதான் கூப்பிடுவார். சண்முகராசா என்று சொல்லி முடிப்பதற்குள் படகு பாலத்தில் முட்டிவிடுமாம்.

அண்ணையிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கடிதப் பையைக் காலால் கடக்கமாட்டார். தவறிக் கால் பட்டாலும் உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எழுத்து எல்லாம் சரஸ்வதிதானே. அதோடு, அந்தப் பைக்குள் ஆருக்கோ ஆஸ்பத்திரித் திகதி இருக்கும், ஆருக்கோ விசா இருக்கும். ஒரு பழுப்புக் கடித உறைக்காக வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். டெப்ரா முதலில் சிரித்தார். ஒரு மாதம் போக, அவரும் பையைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

இனி அந்த ஐப்பசி மாதத்துக் கதைக்கு வருகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முதல் மாலினி அக்காவுக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்து பெரிய ஒப்பரேஷன் நடந்தது. பிழைப்பாரோ மாட்டாரோ என்று இருந்த நாள். அப்போது அண்ணை ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் நின்று முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். இவள் எழும்பி வந்தால் ஆறு வருஷம் கந்தசஷ்டி விரதம் பிடிப்பேன், அதுவும் பாலும் பழமும் இல்லை, மிளகும் தண்ணியும்தான் என்று. அந்த விரதத்தில் முதல் நாள் பின்னேரம் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போய், ஆறாம் நாள் சூரன்போர் முடிய ஆறு மிளகு. அதைவிட்டால் வெறும் தண்ணீர். ஏழாம் நாள் விடிய, கோயிலில் விரதம் முடிக்கிற பாறணை. அதுதான் சாப்பாடு.

மாலினி அக்கா எழும்பி வந்துவிட்டார். அண்ணையும் ஐந்து வருஷம் ஒரு குறையுமில்லாமல் பிடித்தார். ஆனால் அந்த ஐந்து வருஷமும் அவர் டிப்போவில் இருந்தார். லீவு எடுத்துக்கொண்டு கோயிலில் இருந்துவிடுவார். இந்த ஆறாம் வருஷம்தான் படகு. லீவு இல்லை. அதுவும் போதாதென்று, சூரன்போர் அன்றைக்கே காலையில் அவருக்குப் பரீட்சை.

படகில் வேலை செய்கிறவருக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். தண்ணீரில் ஆராவது விழுந்தால் தூக்கத் தெரியுமா என்று ஒரு பரீட்சகர் வந்து படகிலேயே பார்ப்பார். மாதம் முடிவதற்குள் அது கையில் இல்லையென்றால் திரும்பவும் டிப்போ, இரவு ஷிப்ட், கொங்கிறீற்று நிலம். அடுத்த பரீட்சை வசந்த காலத்தில்தான். அதுவரைக்கும் அந்த இடத்தை வைத்துக்கொண்டு இருக்கமாட்டார்கள். அண்ணை எனக்கு ஒரு தரம்தான் அதைச் சொன்னார்: "திரும்பிப் போனா இந்தக் கால் ஒரு வருசம் தாங்காது தங்கச்சி. பேந்து வீட்டிலை குந்தவேண்டியதுதான்."

நானும் விரதம்தான். ஆனால் எனக்கு அவ்வளவு பலமில்லை. பின்னேரம் பாலும் பழமும் எடுப்பேன். அண்ணையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நாலாம் நாள் பார்சல் கூண்டைத் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஐந்தாம் நாள் முகம் கடதாசி மாதிரி வெளுத்திருந்தது.

அந்த ஐந்து நாளும் டெப்ரா வழக்கம் போலத் தேத்தண்ணீர்க் கேத்திலோடு வந்து கேட்டார்: "ஷான், சாப்பிட்டியா?"

அண்ணையும் வழக்கம் போலச் சிரித்தபடி சொன்னார்: "ஓம், சாப்பிட்டன். தாங்ஸ்."

இதைப் பொய் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். நாங்கள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. பசியில் குடல் கருகிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனாலும், "இப்பதான் சாப்பிட்டனான்" என்றுதான் வாய் சொல்லும். மற்ற ஆட்களைக் கரைச்சல் படுத்தக் கூடாது. வீட்டுக்காரர் இரண்டாம் தரம் கேட்டால் தலையை ஆட்ட வேண்டும். மூன்றாம் தரம் கேட்டால்தான் கையை நீட்டலாம். இந்த ஊர்க்காரர் ஒரு தரம்தான் கேட்பார்கள். நம்பியும் விடுவார்கள். எனக்கும் எல்லாம் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. அது என் பிழை.

ஆறாம் நாள் திங்கட்கிழமை. ஆறரைக்குப் படகு வெளிக்கிட்டது. பரீட்சகர் கீழ்த்துறையிலேயே ஏறிவிட்டார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். சாமான் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் பரீட்சை என்றாலும் கடதாசி வேலையை முதலே முடிப்போம் என்று மேசையில் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அண்ணை வழக்கமாகச் சொல்வதை வைத்து டெப்ரா அதை முதல் நாளே நிரப்பி வைத்திருந்தார். பரீட்சகர் ஒவ்வொன்றாக வாசித்தார். வருத்தம் ஏதும் இருக்கிறதா, இல்லை. நல்ல நித்திரையா, ஓம். காலையில் சாப்பிட்டவரா, ஓம்.

"சரி, இதிலை கையெழுத்து வையுங்கோ" என்று பேனையை நீட்டினார்.

அண்ணை பேனையை வாங்கினார். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றேன். துணி கையில் அப்படியே நின்றுவிட்டது. வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அண்ணை அந்த 'ஓம்' என்ற இடத்தைப் பார்த்தார். பிறகு பேனையைப் படிவத்தின் மேல் மெதுவாக வைத்தார்.

"இது சரியில்லை சேர். நான் சாப்பிடேல்லை."

"பரவாயில்லை, இப்ப ஒரு பாண் துண்டு எடுங்கோ. கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்? ராத்திரியோ?"

"செவ்வாய்க்கிழமை."

பரீட்சகர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த டெப்ரா திரும்பிப் பார்த்தார். படகும் கொஞ்சம் திரும்பியது.

"எந்தச் செவ்வாய்க்கிழமை?" என்றார் டெப்ரா.

"போன செவ்வாய். இது எங்கட சமயத்து விரதம். தண்ணி குடிக்கிறன். மிளகு எடுக்கிறன்."

"மிளகா?"

"பின்னேரத்திலை. நேற்று அஞ்சு."

"நான் உன்னை ஒவ்வொரு நாளும் கேட்டன் ஷான்! ஒவ்வொரு நாளும்! கேத்திலைக் கையிலை வைச்சுக்கொண்டு கேட்டன்! நீ சாப்பிட்டன் எண்டாய்!"

"அது மரியாதைக்குச் சொன்னது கப்டன்."

"மரியாதைக்கோ? நீ தலைசுத்தி ஆத்துக்குள்ள விழுந்திருந்தா, உன்ரை பெண்சாதிக்கு நான் மரியாதையா என்ன சொல்லுறது?"

டெப்ராவுக்குக் கண் சிவந்துவிட்டது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயந்துபோனவருடைய முகமும் அப்படித்தான் இருக்கும் என்று பிறகுதான் விளங்கியது.

பரீட்சகர் சத்தம் போடவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: இப்படி வெறும் வயிற்றோடு இருக்கிற ஆளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பரீட்சை எடுக்கத் தனக்கு உரிமை இல்லை. திரும்பி வரும்போது ஒன்பதரை ஆகும். அதற்குள் ஏதாவது சாப்பிட்டு, கை நடுங்காமல் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் வசந்த காலம். விருப்பம் உங்களுடையது.

அண்ணை வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளத்தை மறிக்கிற பெரிய இரும்புக் கதவுகள் ஆற்றுக்குக் குறுக்கே வெள்ளிக் குடம் கவிழ்த்த மாதிரி வரிசையாக நின்றன. அதற்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னும் ஒரு பகல்தான் தங்கச்சி" என்றார். "ஆறு வருசத்திலை ஒரு பகல்."

"மாலினி அக்காவைக் கேளுங்கோ அண்ணை."

இதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. முருகன் சொல்ல வைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்று அண்ணை போனைச் சத்தமாக விட்டார். அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"இஞ்சாருங்கோ, என்ன இந்த நேரம்? ஆத்துக்குள்ள விழுந்திட்டீங்களே?"

"விழேல்லை. விழுந்தாத் தூக்கிற பரீட்சையிலை ஒரு சிக்கல்."

அண்ணை எல்லாவற்றையும் சொன்னார்.

"அஞ்சு நாளும் அவவுக்குச் சாப்பிட்டன் எண்டோ சொன்னனீங்கள்?"

"அது ஒரு மரியாதைக்கு..."

"எனக்கு ஒரு நாளும் அந்த மரியாதை கிடைச்சதில்லை. வீட்டிலை வாசல் திறக்க முன்னமே சோறு எங்கை எண்டுதானே கேக்கிறனீங்கள்!"

"மாலினி, பரீட்சகர் பாத்துக்கொண்டு நிக்கிறார். என்ன செய்யிறது எண்டு சொல்லு."

"உந்த நேர்த்தி ஆருக்கு வைச்சனீங்கள்?"

"உனக்குத்தான்."

"நான் இருக்கிறனோ, செத்துப்போனனோ?"

"என்னப்பா விடியக்காலமை உந்தக் கதை. இருக்கிறாய்."

"அப்ப முருகன் தன்ரை பக்கத்தைச் செய்து போட்டார். இனி என்ன, ஒரு பகல் குறைஞ்சு போச்சு எண்டு கவுன்சில்காரர் மாதிரிக் காயிதம் போடுவாரே?"

"அப்பிடியில்லை. சொன்ன சொல்லு."

பிறகு மாலினி அக்காவின் குரல் மாறியது. பகிடி போய்விட்டது.

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கோயிலுக்குப் போகத் தலை முழுகித் தோய்ஞ்சு போட்டு நிக்கிறன். ராத்திரிக்குப் பிறகு பச்சைத்தண்ணியும் என்ரை வாயிலை படேல்லை. மிச்ச விரதத்தை நான் பிடிக்கிறன். நீங்கள் பாலும் பழமும் எடுங்கோ. அதுவும் விரதம்தான், அதையும் ஆயிரம் சனம் பிடிக்குது. அந்த ஆறு மிளகையும் பின்னேரம் பத்திரமாக் கொண்டு வாங்கோ, நான் எடுக்கிறன்."

"உனக்குக் குளிசை இருக்கெல்லே..."

"குளிசை காலமையும் இரவும்தான். காலமைக் குளிசையைத் தண்ணியோடை போடுறன். ஏலாட்டி நானே பாலைக் குடிச்சிடுவன், சின்னப்பிள்ளையே நான்? ஆறு வருசமா எனக்காக நீங்கள் பட்டினி கிடந்தனீங்கள். எனக்கும் ஒரு பகல் தாங்கோவன்."

சரியப்பா என்று சொல்லிவிட்டு அண்ணை போனைச் சேட்டுப் பைக்குள் வைத்தார். மனிதர் அழுதாரோ, குளிர்காற்றுக்குக் கண் கலங்கியதோ, நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன்.

உள்ளே போனதும் டெப்ரா என்னைப் பார்த்து, பெண்சாதி என்ன சொன்னா என்று கேட்டார். நான்தான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மனைவி இன்றைக்குச் சாப்பிடமாட்டா, அதனால் இவர் சாப்பிடலாம் என்று சொன்னேன். டெப்ரா நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"ஷிப்ட் மாத்தின மாதிரியோ? இவருக்கு ஏலாது எண்டபடியா அவ வந்து செய்யிறா?"

"ஓம், ஓம்! ஷிப்ட் மாத்தினது" என்றேன். இருபத்தைந்து வருஷம் இந்த நாட்டில் இருந்து ஒருவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடியாத சமயக் காரியத்தை அந்த மனுசி ஒரு சொல்லில் பிடித்துவிட்டார்.

டெப்ரா தன்னுடைய முட்டை சான்ட்விச்சை நீட்டினார். அண்ணை கும்பிட்டு வேண்டாம் என்றார். பின்னேரத்துக்கென்று என் பையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. அதைக் கொடுத்தேன். டெப்ரா பாலைச் சுடவைத்து, நாலு கரண்டி சீனி போட்டுப் பெரிய கோப்பையில் கொண்டுவந்தார். அண்ணை கிழக்குப் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு, ஒரு வாய் குடித்தார். டெப்ரா அவர் குடித்து முடிக்கும் வரை சுக்கானில் ஒரு கண்ணும் கோப்பையில் ஒரு கண்ணுமாக நின்றார்.

கோபுரப் பாலத்துக்குக் கீழே போகும்போது வெயில் வந்துவிட்டது. மேல்துறையில் கூண்டுகளை இறக்கினோம். நான் அன்றைக்கு இறங்கிப் போகவில்லை. டெப்ராவும் போ என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது கிறீனிச்சைக் கடந்து, ஆறு அகலமாகிற இடத்தில் டெப்ரா படகின் வேகத்தைக் குறைத்தார். இந்த ஆறு அமாவாசைக்கும் பறுவம் எனும் பௌர்ணமிக்கும் முறுக்கிக்கொண்டு ஓடும். கடல் ஏறுவதும் வற்றுவதும் அப்போதுதான் பலம். இடைப்பட்ட நாட்களில் இளகிவிடும். கந்தசஷ்டி தொடங்குவது அமாவாசை கழிந்த மறுநாள். அதனால் சூரன்போர் வருகிற ஆறாம் நாளில் ஆறு எப்போதும் அடங்கித்தான் போகும். டெப்ரா அதைத் தன்னுடைய ஏற்றவற்றுப் புத்தகத்தில் காட்டினார். எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. மனதுக்குள் வேலும் மயிலும் துணை என்று சொல்லிக்கொண்டேன்.

பரீட்சகர் செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரு பொம்மையைச் சத்தமில்லாமல் தூக்கி ஆற்றில் போட்டார். ஓர் ஆள் பாரம் அது.

"ஆள் தண்ணிக்குள்ள!" என்று அண்ணை கத்திய கத்தில் கரையில் நின்ற நீர்க்காகங்கள் எழும்பின. மிதவை வளையத்தை எறிந்தார். பிறகு வலது கையை நீட்டிப் பொம்மையைக் காட்டிக்கொண்டே நின்றார். விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, கையைக் கீழே போடக் கூடாது, அந்தக் கையைப் பார்த்துத்தான் கப்டன் படகைத் திருப்புவார். படகு ஒரு பெரிய வட்டம் போட்டது. அண்ணையும் நின்ற இடத்திலேயே மெல்ல மெல்லச் சுற்றினார். கை மட்டும் பொம்மையை விட்டு அசையவில்லை. கிட்டப் போனதும் கொக்கித் தடியால் இழுத்து, பட்டியைப் பொம்மையின் கக்கத்துக்குள்ளால் கொளுவி, பாரம் தூக்குகிற கைச்சில்லைச் சுற்றத் தொடங்கினார். பாதியில் கை நின்றது. அண்ணை மூச்சை இழுத்து, இடது காலை மாற்றி வைத்து, திரும்பவும் சுற்றினார். பொம்மை தண்ணீர் ஒழுக ஒழுக மேலே வந்து படகுத் தட்டில் சரிந்தது.

பரீட்சகர் சொல்லாதபோதும், அண்ணை முழங்காலை ஊன்றி இருந்து பொம்மையின் முகத்தைத் துடைத்தார்.

"அதுக்கு நோகாது" என்றார் பரீட்சகர்.

"எனக்குத் தெரியும் சேர். கை பழகவேணும் எல்லோ."

பரீட்சகர் மேசைக்குப் போய் அந்தப் படிவத்தை எடுத்தார். 'ஓம்' என்று இருந்த இடத்தை ஒரு கோடு இழுத்து வெட்டி, 'ஏழு மணிக்குப் பாலும் வாழைப்பழமும்' என்று பக்கத்தில் எழுதி, அண்ணையைச் சின்னக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பிறகு கீழே, தேறினார் என்று எழுதித் தன் கையெழுத்தை வைத்தார். டெப்ரா சங்கை ஒரு தரம் ஊதினார். எதிரே வந்த குப்பைப் படகுக்காரர் ஏனென்று தெரியாமல் தன் சங்கையும் ஊதினார்.

பின்னேரம் கோயில் வீதியில் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டுகிற இளந்தாரிகளின் சத்தத்துக்கு நடுவில் மாலினி அக்காவைக் கண்டேன். உதடு காய்ந்திருந்தது. அண்ணை ஒரு கையில் அக்காவுடைய செருப்பும் மறு கையில் தண்ணீர்ப் போத்தலுமாகப் பின்னால் நின்றார்.

"எப்பிடி அக்கா இருக்குது?" என்றேன்.

"விசர் பிடிக்குது செல்வமலர். காலமை வீரமாக் கதைச்சுப் போட்டன். பத்து மணிக்கே கண்ணுக்குள்ள தோசை தெரிஞ்சுது. இந்த மனுசன் இதை அஞ்சு நாள் எப்பிடிச் செய்தார்? அதுவும் மூட்டை தூக்கிக்கொண்டு?" சொல்லிவிட்டுத் திரும்பி அண்ணையைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் புதிதாய்க் கலியாணம் கட்டின பொம்பிளையிடம்தான் கண்டிருக்கிறேன்.

சூரன் விழுந்த பிறகு அண்ணை சேட்டுப் பையிலிருந்து கடதாசிச் சுருளை எடுத்து விரித்தார். மாலினி அக்கா ஆறு மிளகையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். இப்படி விரதத்தைப் பாதியில் கை மாற்றலாமோ என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. ஐயரிடம் கேட்டேன். ஐயர் திருநீற்றுத் தட்டோடு ஓடிக்கொண்டு இருந்தவர், நிற்காமலே சொன்னார்: "ஒரு வீட்டு விரதம்தானே அம்மா. வீட்டுக்குள்ள ஆர் பிடிச்சா என்ன?"

மறுநாள் பாறணைக்கு டெப்ரா அண்ணைக்கும் எனக்கும் விடுமுறை தந்திருந்தார். விடிய ஐந்தரைக்குக் கோயில் மண்டபத்தில் வாழையிலை போட்டு நாங்கள் எல்லாரும் வரிசையாக இருந்தோம். அண்ணையை மாலினி அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். நேற்றே பால் குடித்தவன், விரதக்காரருக்குப் பரிமாறுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார்.

அவர் முழங்காலைப் பிடித்துப் பிடித்துக் குனிந்து, ஒவ்வோர் இலைக்கும் சோறு வைத்துக்கொண்டு வந்தார். மாலினி அக்காவின் இலைக்கு வந்ததும் நின்றார். முதல் கரண்டியை வைத்தார். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒரு வாய் எடுத்துச் சாப்பிடும் வரை வாளியோடு அப்படியே குனிந்து நின்றார். பின்னால் சாம்பார் கொண்டு வந்தவர், "அண்ணை, தள்ளுங்கோ, வரிசை நிக்குது" என்று சத்தம் போட்டார்.

மாலினி அக்கா கண்ணைத் திறந்தார். வாயில் சோற்றோடு சொன்னார்:

"இஞ்சாருங்கோ, இன்னும் ஒரு கரண்டி வையுங்கோ. பக்கத்து இலைக்கும் வடிவா வையுங்கோ, செல்வமலர் பாவம், தன்ரை பழத்தையும் உங்களுக்குத் தந்தவள்."

அண்ணை என் இலையில் மலை மாதிரிச் சோற்றைக் குவித்தார். காணும் காணும் என்று நான் கையை மறித்தேன். அவர் கேட்கவில்லை. நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.